பேர் போடாத வரி

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். நானும் அக்காவும். சுகாதார ஆய்வாளர் சார் கொசு மருந்து வண்டியோடு வெளியே போயிருந்தார். கவுன்டர் கிளார்க் சாப்பிடப் போயிருந்தார். அப்பா இல்லை, அவர் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அம்மா முத்தாபுதுப்பேட்டையில் வீட்டில் இருந்தாள். இன்னொருவனும் இல்லை. எனக்கு மூத்தவன் ஒருவன் பிறந்திருந்தான், பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தான் என்பதே அன்று மதியம்தான் எனக்குத் தெரிந்தது.

அக்காவின் பேரை எழுதப் போவதில்லை. ஓய்வு பெற்றுவிட்டார், மாதாமாதம் பென்ஷன் வருகிறது, அதற்கு என்னால் ஒரு கெடுதலும் வரக்கூடாது. எந்த அலுவலகம் என்றும் சொல்ல மாட்டேன். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பஸ் போகிற ஒரு சாலையில், பின்பக்கம் குப்பை வண்டிகள் நிற்கிற ஒரு பழைய கட்டடம். அதில் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் வைத்திருந்த அறைக்கு அவர் உதவியாளர். ஃபைல் தூக்குவது, டீ வாங்கி வருவது, பூட்டுவது, திறப்பது, இவைதான் அவருக்கு எழுதிக் கொடுத்த வேலை. ஆனால் எந்த வருடத்தின் எந்த மாதம் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் கிடக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் லீவு போட்ட நாளில் வந்தவர்களிடம் கிளார்க், “நாளைக்கு வாங்க” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டார்.

நான் அங்கே போனது பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிற ஒப்பந்த வேலைக்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, அரசுத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த சமயம் அது. அக்கா படிப்பார், நான் தட்டுவேன். அப்படி எட்டு மாதம்.

படிப்பதற்கு அவரிடம் ஒரு பட்டை இருந்தது. யாருடைய கல்யாணப் பத்திரிகையிலிருந்தோ நீளவாக்கில் வெட்டிய அட்டை. தங்க மையில் அச்சடித்த பாதி எழுத்துகள் அதில் மிச்சமிருந்தன. பதிவேட்டை விரித்து, அந்த அட்டையை வரிக்குக் கீழே வைத்து, அந்த ஒரு வரியை மட்டும் படிப்பார். படித்து, நான் தட்டி முடித்து “ம்” என்ற பிறகுதான் அட்டை ஒரு வரி இறங்கும். வேகமாகப் படிக்கச் சொன்னால் கேட்க மாட்டார்.

“இன்னா நைனா அவசரம்? இவங்கல்லாம் எங்கனா பஸ்ஸு புடிக்கப் போறாங்களா?”

ஒரு பக்கம் முடியாமல் டீ குடிக்க மாட்டார். டீ ஆறி, மேலே ஆடை கட்டிவிடும். விரலால் அந்த ஆடையை எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பார்.

வரி தாண்டக்கூடாது. அதுதான் அவருடைய ஒரே சட்டம். பூச்சி அரித்த வரி, மை கரைந்த வரி, எழுதி அடித்த வரி, எதுவானாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் நான் ஒரு வரிசை எண்ணை விட்டுவிட்டு அடுத்ததைத் தட்டிவிட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் கையைப் பிடித்து விசைப்பலகையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தார்.

“நம்பர் போட்டு நிக்க வச்சிருக்காங்க. நீ ஒருத்தர வுட்டா அவுங்க பின்னாடி நிக்கிறவங்க அத்தினி பேரும் இன்னொருத்தர் எடத்துல போயி நிப்பாங்க. அப்பறம் யாரு இன்னான்னு நீ வந்து சொல்வியா?”

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கோபமில்லை. வேறு ஏதோ இருந்தது. அது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

பதிவேடு தேடி வருகிறவர்கள் பாதிப் பேருக்குத் தேதி தெரியாது. வாரிசுச் சான்றிதழுக்கு அப்பா செத்த சீட்டு வேண்டும், ஆனால் அப்பா எப்போது செத்தார் என்றால் “ஆச்சு, இருவது இருவத்தஞ்சு வருசம்” என்பார்கள். அக்கா அவர்களை பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்கத் தொடங்குவார். வெயிலா, மழையா? செம்பரம்பாக்கம் ஏரி ரொம்பியிருந்ததா, தரை தெரிஞ்சதா? ஸ்கூல் லீவா? கம்பெனியில் போனஸ் போட்டுட்டாங்களா, இல்ல அதுக்கு முன்னாடியா? சாவுக்கு வந்தவங்களுக்கு இன்னா சமைச்சீங்க? மாங்காய் போட்ட சாம்பார் என்றால் கோடை. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து வருடத்தைப் பிடித்து, மாதத்தைப் பிடித்து, எழுந்து போய் ஒரு பதிவேட்டுக் கட்டை உருவுவார். பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

எல்லோரிடமும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். “எங்க உயிர் போச்சு?”

குடியிருந்த இடத்தைக் கேட்கவே மாட்டார். சாவு எங்கே நடந்ததோ அந்த எல்லைக்குட்பட்ட அலுவலகத்தில்தான் பதிவாகும் என்பது பலருக்கும் தெரியாது. இருந்த ஊரில் தேடி, இல்லை என்று கேட்டு, வருடக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

முகப்பேரிலிருந்து ஒருவர் வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, தோளில் மடிக்கணினிப் பை. அவர்கள் குடும்பத்தின் ஏழு தலைமுறையை மரம் மாதிரி வரைந்து வைத்திருந்தார். அதில் தாத்தாவுக்கு மட்டும் இறந்த தேதி இல்லை. அந்தக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி.

“தாத்தா எங்க மேடம் இருப்பார்?” என்றார்.

“அத நீதான் சொல்லணும் சார். எங்க உயிர் போச்சு?”

“பஸ்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப.”

“எந்த ஸ்டாப்பிங் தாண்டி?”

அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. “ரயில்வே கேட்டுக்கு இந்தாண்டன்னா நம்ம ஆளு. அந்தாண்டன்னா அவுங்க ஆளு. போன போடு, கேளு.”

அவர் தன் அத்தைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ஓர் அம்மா அழ ஆரம்பித்தார். கேட் மூடியிருந்தது, பஸ் நின்றது, ரயில் போய்க்கொண்டே இருந்தது, அப்பா தண்ணீர் கேட்டார், கேட் திறப்பதற்குள் தலை சாய்ந்துவிட்டது. அந்த அம்மா இதை நாற்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை போலிருந்தது. அக்கா மெதுவாக எழுந்து போய், கால் மணி நேரத்தில் தாத்தாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அட்டையை வரிக்குக் கீழே வைத்து, “இந்தா சார், கேட்டுக்கு இந்தாண்ட” என்றார்.

போகும்போது அவர் தாத்தாவின் கல்யாணத்தையும் தேடித்தர முடியுமா என்று கேட்டார்.

“அதுக்கு சார்பதிவாளர் ஆபீஸு. அதுக்கும் முந்தியதுன்னா கோயிலு, சர்ச்சு. இங்க பொறந்ததும் செத்ததும்தான் சார். நடுவுல நடக்கறதுக்கு நாங்க பொறுப்பில்ல.”

இதையெல்லாம் எழுதும்போது அக்கா ஏதோ கறாரான, தமாஷான மனுஷி என்று தோன்றலாம். தமாஷ்தான். ஆனால் பேர் போடாத வரிகள் வரும்போது அவர் வேறு ஆள்.

பழைய பதிவேடுகளில் பேர் போடாத வரி ஏராளம். ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்ததும் பதிவு செய்துவிடுவார்கள். பேர் வைக்க முப்பது நாள், மூன்று மாதம் என்று ஆகும். அதற்குப் பிறகு வந்து பேரைச் சேர்ப்பவர்கள் சேர்ப்பார்கள், மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். பிறப்பில் பேர் இல்லாதவர்கள் பரவாயில்லை, எங்கோ வளர்ந்து ஏதோ ஒரு பேரில் இருப்பார்கள். இறப்புப் பதிவேட்டில் பேர் இல்லாமல் வருவதெல்லாம் கைக்குழந்தைகள். நான்கு நாள். பதினொரு மணி நேரம். இரண்டு மாதம். அந்த வரி வந்தால் அக்கா படிப்பதை நிறுத்திவிடுவார். அட்டையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. உள்ளே வருகிற ஒருவர் உட்காரும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருப்பது மாதிரி. பிறகு படிப்பார்.

எனக்கு முதலில் அது எரிச்சலாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. பிறகு நானும் அப்படிக் காத்திருக்க ஆரம்பித்தேன். மின்விசிறி சத்தத்தில், அந்த இரண்டு மூச்சு நேரத்தில், எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த மூன்றாவது நாற்காலியை நான் பார்க்க மாட்டேன்.

ஒரு சிக்கல் வந்தது. மென்பொருளில் பேர் என்ற கட்டம் காலியாக இருந்தால் அது அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஆய்வாளர் சார் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பேர் இல்லாததை எல்லாம் விட்டுட்டுப் போங்க. சாப்ட்வேர் எடுத்துக்கல. யாரு வந்து கேக்கப் போறாங்க?”

அக்கா அவரைப் பார்த்து, “சாப்ட்வேரா சார் பெத்துச்சு?” என்றார்.

சார் தன் மேஜைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்தக் கட்டத்தில் ‘ஆண் குழந்தை’ அல்லது ‘பெண் குழந்தை’ என்று தட்டினோம். மென்பொருள் அதைப் பேர் என்று நினைத்து ஏற்றுக்கொண்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளை இப்போது நினைத்தால் வேறு மாதிரி தெரிகிறது. அக்கா என்னை நிற்க வைத்து, அங்கே வருகிறவர்களைக் கேட்பது மாதிரியே கேட்டார்.

“எந்த ஊரு நைனா?”

“முத்தாபுதுப்பேட்டைக்கா.”

“எந்தத் தெரு? அப்பா பேரு இன்னா? அம்மா?”

சொன்னேன். சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். உயரத்தைப் பார்க்கிற மாதிரி, தலையிலிருந்து காலுக்கு.

“அப்பா நல்லாகீறாரா?”

“இப்பத்தான்க்கா தவறினாரு.”

தன் டிபன் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பிய்த்துப் பாதியை என்னிடம் கொடுத்தார். “துன்னு. ஒல்லியாகீற” என்றார். அன்றிலிருந்து தினமும் பாதி பன். புதுப் பையன் மேல் இரக்கம் என்று நினைத்தேன்.

வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே நான்தான் குள்ளம், நான்தான் முதல் பெஞ்ச். டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு முட்டை கொடுக்கச் சொன்னார். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். கைநாட்டு. எனது மார்க் அட்டைகள் எல்லாவற்றிலும், பன்னிரண்டு வருடமும், பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அவருடைய இடது கட்டைவிரல்தான் இருக்கும். அந்த விரலில் ஒரு பழைய வெட்டு, தகடு கிழித்தது, ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு விழும். எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

என் பிறந்தநாளில் அப்பா வீட்டில் இருக்க மாட்டார். அன்றைக்கென்று பார்த்து இரண்டு ஷிப்ட் செய்வார். அம்மா பாயசம் வைப்பாள், எனக்கு ஊற்றுவாள், என் முகத்தைப் பார்க்க மாட்டாள். கண் கலங்கியிருக்கும். சந்தோஷம் என்று நினைத்துக்கொள்வேன். வீட்டில் என்னைப் பள்ளிப் பேரில் கூப்பிட்டதும் இல்லை. சான்றிதழில் உள்ள பேர் பள்ளிக்கூடத்துக்கு. வீட்டிலும் தெருவிலும் நான் பிச்சை. முன்னால் ஒன்று தவறிப் போன வீட்டில்தான் அடுத்ததற்கு அப்படிப் பேர் வைப்பார்கள், எமன் சீந்தாமல் இருக்கட்டும் என்று. எங்கள் தெருவில் ஒரு பிச்சை, ஒரு குப்பு, ஒரு குப்பம்மா உண்டு. நான் என்னைப் பற்றி அப்படி யோசித்ததே இல்லை.

எட்டாவது மாதத்தில் தேர்வு முடிவு வந்தது. இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேர்வாகியிருந்தேன். சான்றிதழ் சரிபார்ப்புக்கு இரண்டு வாரத்தில் நேரில் வரச்சொல்லிக் கடிதம். அக்கா பட்டாணி சுண்டல் வாங்கி வந்து அலுவலகம் முழுக்கக் கொடுத்தார்.

கிளம்புவதற்கு முன் என் பங்கை முடித்துவிட வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். மாதவாரியாக ஏற்றியதில் ஓர் இறப்புப் பதிவேடு குறைந்தது. ஒரே ஒரு மாதம். அக்காவிடம் கேட்டேன்.

“அது நனஞ்சிகெடக்கு நைனா. மேல காயுது.”

“எப்பலருந்துக்கா?”

“காயுது” என்று மட்டும் சொன்னார்.

அலமாரிமேல் ஓரமாக, பழைய துண்டில் சுற்றி ஒரு கட்டு இருந்ததை நான் முதல் வாரத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். ஒரு வரியைத் தாண்டினால் கையைப் பிடித்து மடியில் வைக்கிறவர், முழுதாக ஒரு மாதத்தை எட்டு மாதமாகத் தாண்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் டீ வாங்கப் போன நேரத்தில் நாற்காலி போட்டு ஏறி அதை இறக்கினேன். அது நனையவே இல்லை. நல்லபடியாக இருந்தது.

அது நான் பிறந்த மாதத்துக்கு அடுத்த மாதம். சும்மா புரட்டினேன். ஐந்தாவது பக்கத்தில் அப்பாவின் கட்டைவிரல் இருந்தது.

முதலில் பார்த்தது அதைத்தான். எழுத்தைப் பார்க்கவில்லை. தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் ஊதா மையில், சாய்வான வெள்ளைக் கோட்டோடு. ஒன்பது மாதத்துக்கு முன் நாங்கள் எரித்துவிட்டு வந்த விரல். பிறகுதான் இடது பக்கம் நகர்ந்து படித்தேன். அப்பா பேர். அம்மா பேர். எங்கள் தெரு. ஆண். வயது பத்தொன்பது நாள். பேர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. தேதியிலிருந்து பத்தொன்பது நாளைப் பின்னால் எண்ணினேன். என் பிறந்தநாளில் வந்து நின்றது. மறுபடி எண்ணினேன். அங்கேயே நின்றது.

அக்கா இரண்டு டம்ளரோடு வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து, டம்ளர்களை வைத்துவிட்டு, மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“அது நீ இல்ல நைனா” என்றார். “நீ அப்பறமா பொறந்த.”

பிறகு சொன்னார்.

“ஒங்கப்பா ஒன்ன இடுப்புல வச்சிகினு வந்தாரு. ஸ்கூல்ல சேக்கணும், பொறந்த சீட்டு கேக்கறாங்கன்னாரு. தேதி தெரியலன்னாரு. நான் மழையா வெயிலா, ஊட்லயா ஆஸ்பத்திரியான்னு கேட்டேன். ஆஸ்பத்திரின்னாரு. தேடுனேன். அவரு பேருக்கும் ஒங்கம்மா பேருக்கும் ஒரே ஒரு புள்ளதான் இருந்துச்சு. பேர் போடாத வரி. இதானேன்னு கேட்டேன். அவரு அந்த வரியவே பாத்துகினு இருந்தாரு. ரொம்ப நேரம். அப்பறம் இதான்னாரு. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பெத்தவன் எம்புள்ளதான்னு சொல்றதுக்கு அவ்ளோ நேரம் எடுக்க மாட்டான்.”

“அப்பறம்?”

“நானே கூட்டிகினு போயி பேர் சேர்க்கற பாரம் வாங்கிக் குடுத்து, கைநாட்டு வைக்க வச்சேன். செத்த புக்க நான் பொரட்டல. ஒரு அஞ்சி நிமிசம் பொரட்டியிருந்தா போதும். ரெண்டு மூணு வருசம் கழிச்சி வேற யாருக்கோ தேடப்போயி இந்த வரியப் பாத்தேன். அதே பேரு, அதே தெரு. ஒரு புள்ள எடத்துல இன்னொரு புள்ளய நான் நிக்க வச்சிட்டேன். அன்னிலேந்துதான் ஒரு வரி வுடறதில்ல.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் பதிவேட்டை மூடித் துண்டில் சுற்ற ஆரம்பித்தார்.

“நீ போயி வேலயில சேரு. இது இங்கியே காயட்டும்.”

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. காகிதத்தில் இருக்கும்வரை அது புழுதிக்குள் இருக்கும். கணினியில் ஏற்றிவிட்டால், எங்கள் அப்பா அம்மா பேரைத் தட்டுகிற யாருக்கும் என் பிறப்பும் பத்தொன்பதாம் நாள் என் சாவும் அடுத்தடுத்து வந்து நிற்கும். என் பள்ளிச் சான்றிதழ், பட்டம், வேலை எல்லாம் அந்தப் பிறந்த தேதியின் மேல்தான் நிற்கின்றன. எட்டு மாதமாக என்னை ஒரு வரியும் தாண்டவிடாத அக்கா, எனக்காக ஒன்றைத் தாண்டச் சொன்னார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

“யாரு சொன்னாங்க?”

“புக்குல கீது.”

“அதுல எம் பேரு கீதா?”

“கீது.”

“அவுரு கைநாட்டு?”

“கீதும்மா.”

தண்ணீரை வடித்துவிட்டு மறுபடியும் ஊற்றினாள். அரிசி மூன்று தண்ணீருக்கு மேல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பிறந்தவன், வீட்டுக்கு வந்து நன்றாகத்தான் இருந்தான், ஒரு காய்ச்சல். முப்பதாம் நாள் பேர் வைப்பதாக இருந்தார்கள். வைக்க நினைத்திருந்த பேரைத்தான் அப்பா பிறகு அந்தப் படிவத்தில் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில்தான் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது என்ற பயத்தில், ஒன்றரை வருடம் கழித்து என்னை வீட்டிலேயே பெற்றாள். அதை எங்கும் பதியவில்லை. பள்ளியில் சீட்டு கேட்டபோது, வீட்டில் பிறந்ததற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று யாரோ அப்பாவை பயமுறுத்தியிருக்கிறார்கள். இனிமேல் அவனைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது, பேசினால் பையன் படிப்பு போய்விடும் என்றாராம். அவர் சாகும்வரை அம்மா பேசவில்லை.

தேதி அவனுடையது. பேர் அவனுடையது. எனக்கென்று இருந்தது பிச்சை மட்டும்தான்.

“அந்த ஆபீஸக்கா அத ஏத்த வேணாங்கறாங்கம்மா. ஏத்துனா எனக்குப் பிரச்சன வரலாம்.”

அம்மா உலை வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“பொறந்தத ஒனக்குக் குடுத்துட்டாரு ஒங்கப்பா” என்றாள். “செத்ததாவது அவனுக்கு இருக்கட்டும்டா.”

மறுநாள் அந்தக் கட்டை நானே இறக்கி மேஜைமேல் வைத்தேன். அக்கா என்னைப் பார்த்தார். தயங்கினார். பிறகு அட்டையை எடுத்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். ஐந்தாவது பக்கம் வந்தது. நிறுத்தினார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அன்றைக்கு நான் அந்த நாற்காலியைப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“ஆண்” என்றார் அக்கா. “பத்தொம்போது நாளு.”

பேர்க் கட்டத்தில் ‘ஆண் குழந்தை’ என்று தட்டினேன். பதிவாகிவிட்டது. அட்டை ஒரு வரி இறங்கியது.

அன்று மதியம் பன் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். “அக்கா, என்னையும் தேடிடலாமா?”

வீட்டில் பிறந்து பதியாமல் போனவர்கள் பிறகு பதிய வேண்டுமென்றால், முதலில் ஒரு சான்று வாங்க வேண்டும். இந்த ஆளின் பிறப்பு இந்த அலுவலகத்தில் பதிவாகவில்லை என்று தேடிப் பார்த்துக் கொடுக்கிற சான்று. அம்மாவுக்கு நாள் நினைவில்லை, வருடம் மட்டும் தெரியும். முன்னும் பின்னும் ஒரு வருடம் சேர்த்து மூன்று வருடப் பிறப்புப் பதிவேடுகள். அக்கா நினைத்திருந்தால் அதில் இல்லை என்று அந்த நிமிடமே எழுதி வாங்கியிருக்கலாம். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஒன்பது நாள், சாப்பாட்டு நேரத்தில், அட்டையை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். தட்ட வேண்டியதில்லை என்பதால் நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். எத்தனையோ அப்பாக்கள், எத்தனையோ அம்மாக்கள். பேர் போடாத ஆண் குழந்தை என்று வரும்போதெல்லாம் நான் குனிந்து தகவல் கொடுத்தவர் கட்டத்தைப் பார்ப்பேன். ஒருவேளை அப்பா எங்கேயாவது எனக்கும் ஒரு விரல் வைத்திருப்பாரோ என்று.

ஒன்பதாம் நாள் கடைசிப் பக்கத்தில் அட்டையை எடுத்து, பதிவேட்டை மூடினார்.

“நீ எங்கியும் இல்ல நைனா” என்றார். சொல்லிவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ‘பிச்சை என்பவரின் பிறப்பு இவ்வலுவலகப் பதிவேடுகளில் காணப்படவில்லை.’ என் பேர் அச்சில் வந்த ஒரே அரசாங்கக் காகிதம் அதுதான்.

சரிபார்ப்புக்கு அந்தக் காகிதத்தையும், அவனுடைய இறப்புச் சான்றையும் கோப்பில் வைத்துக்கொண்டுதான் போனேன். கேட்டால் சொல்லிவிடுவது என்று. எதிரில் இருந்தவர் பத்தாம் வகுப்பு மார்க் சீட்டில் தேதியைப் பார்த்தார், விண்ணப்பத்தில் தேதியைப் பார்த்தார், “ஓகே, நெக்ஸ்ட்” என்றார். அரை நிமிடம் ஆகியிருக்காது. நான் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. பின்னால் நின்றிருந்த பெண் நகர்ந்து முன்னால் வந்துவிட்டாள்.

இப்போது வேலையில்தான் இருக்கிறேன். வருடா வருடம் அவனுடைய பிறந்தநாளுக்கு அலுவலகத்தில் கேக் வெட்டுகிறார்கள். அவனுடைய தேதியில்தான் ஓய்வு பெறுவேன், எனக்கு இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி இருக்கும்போது. கேக்கை வாயில் வைப்பதற்கு முன் ஒரு மூச்சு, இரண்டு மூச்சு நிற்கிறேன். சாமி கும்பிடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

அக்கா ஓய்வு பெற்ற பிறகு தங்கையோடு இருக்கப் போவதாகச் சொன்னார். எந்த ஊர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய போன் எண் இப்போது உபயோகத்தில் இல்லை. சில நாள் மதியத்தில் கணினியில் அவர் பேரைப் போட்டு இறப்புப் பதிவில் தேடுகிறேன். பதிவு இல்லை என்று வருகிறது. நிம்மதியாக இருக்கிறது. பிறகு, எங்க உயிர் போச்சு என்று தெரியாமல் நான் எங்கே தேடுகிறேன் என்று தோன்றி, திரையை மூடிவிடுகிறேன்.

கோர்ட்டு, கேஸ் என்று இன்னும் நான் எதற்கும் போகவில்லை. இரண்டு காகிதமும் பீரோவில், அம்மாவின் புடவைக்கடியில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. அவற்றோடு குத்தி வைத்த ரசீதும் இருக்கிறது. சான்று வாங்கிய அன்றைக்கு நான் பர்ஸை எடுத்தபோது அக்கா தடுத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, கவுன்டரில் தன் பணத்தை வைத்தார். “தேடாம வுட்டது நானு. தேடற காசு என்னுது” என்றார். மூன்று வருடம் தேடிய கட்டணம், அண்ணனுக்கு ஒரு நகல், எனக்கு ஒரு சான்று. இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்று நாற்பத்தாறு ரூபாய்.